பொதுவில் பதிலா, தனிச்செய்தியா: ஒரு பலகாரக் கடையின் ஏஐ முகவரும் அதன் கருவி விளக்கங்களும்

பின்னணி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் பலகாரக் கடையில் நடந்தது இது. முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, ஓமப்பொடி என்று எல்லாவற்றையும் கடைக்குப் பின்னாலுள்ள சமையற்கூடத்திலேயே செய்து விற்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள்தான் கடையின் ஆண்டுக் கணக்கைத் தீர்மானிக்கின்றன. அந்த நாள்களில் முகநூல் பக்கத்திலும் இன்ஸ்டாகிராமிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) கேள்விகள் குவியும். தமிழில் ஒருவர் கேட்பார், மலாயில் ஒருவர், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி மூன்றாமவர். கல்லாவில் அமரும் அக்கா ஒருவரே பல ஆண்டுகளாக இவை அனைத்துக்கும் பதில் எழுதிவந்தார்.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அந்தப் பருவத்துக்கு அக்காவின் சுமையைக் குறைக்க முதலாளி மூன்று பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழுவை அணுகினார். அவர்கள் ஒரு மொழி மாதிரியை, அதாவது உரையைப் படித்து உரை எழுதும் ஏஐ மென்பொருளை எடுத்து, அதற்குச் சில கருவிகளைக் கொடுத்து, சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிக்கும் ஏஐ முகவர் ஒன்றை அமைத்தார்கள். ஆர்டரைத் தேடுவது, கருத்துகளைப் படிப்பது, பதில் அனுப்புவது, செய்தி அனுப்புவது, பதிவிடுவது, நேரம் குறித்துப் பதிவிடுவது, கருத்தை அகற்றுவது ஆகியவை அந்தக் கருவிகளில் முக்கியமானவை.

இந்த ஏற்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவிக்குள் இருக்கும் நிரலை மொழி மாதிரி பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அதைப் பற்றிய விளக்கம், என்னென்ன உள்ளீடுகள் தேவை என்ற பட்டியல் ஆகியவை மட்டுமே அதன் முன் வைக்கப்படுகின்றன. 2024 நவம்பரில் ஆந்திராபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற, மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையிலும் இதே அமைப்புதான். நிரலாளருக்குக் கருவி தெரியும். மாதிரிக்கு விளக்கம் மட்டுமே தெரியும். இந்தக் குழுவோ விளக்கங்களைத் தளங்களின் ஆவணத் தலைப்புகளிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து ஒட்டியிருந்தது.

கவனிக்கப்பட்டவை

முதல் சில நாள்கள் அமைதியாகப் போயின. கடை நேரம், விலை, கூரியர் கட்டணம் போன்ற கேள்விகளுக்கு முகவர் சரியாகவே பதில் சொன்னது. அக்காவுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது.

பிறகு ஒரு வாடிக்கையாளர், முறுக்குப் படத்தின் கீழே, தன் ஆர்டர் எப்போது வரும் என்று கேட்டார். முகவர் ஆர்டரைத் தேடியது. கிடைத்த விவரங்களை வைத்து அந்தக் கருத்தின் கீழேயே பதில் எழுதியது. அதில் அவருடைய முழுப்பெயர், செந்தூலில் உள்ள அடுக்குமாடி வீட்டு எண், தொலைபேசி எண், வந்து சேரும் நாள் எல்லாம் இருந்தன. அக்கா தற்செயலாகப் பக்கத்தைத் திறந்தபோது அதைக் கண்டு அழித்தார். அதற்குள் யார் யார் படித்தார்கள் என்று அறிய வழியில்லை. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாடிக்கையாளரின் முகவரியை ஊருக்குக் காட்டுவது கடைக்கு வெறும் சங்கடத்தோடு முடிந்துவிடும் காரியமில்லை. முதலாளி அந்த வாடிக்கையாளரை நேரில் அழைத்து நடந்ததைச் சொன்னார்.

இரண்டாவது, நேரக் குழப்பம். அக்டோபர் 4, சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஒரு சலுகைப் பதிவு வெளிவர வேண்டும். அன்று மதியம் 12 மணிக்குள் ஆர்டர் செய்பவர்களுக்கு மட்டுமே சலுகை. பதிவு பிற்பகல் 3 மணிக்கு வந்தது. சலுகை முடிந்து மூன்று மணி நேரம் கழித்துச் சலுகையை அறிவித்த கடையை வாடிக்கையாளர்கள் சும்மா விடவில்லை.

மூன்றாவதுதான் அதிகம் வலித்தது. எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது என்று ஒருவர் எழுதிய புகாரை முகவர் அகற்றிவிட்டது. எழுதியவர் தன் கருத்து காணாமல்போனதைக் கண்டு, முன்பே எடுத்து வைத்திருந்த திரைப்படிமத்தை வேறொரு குழுவில் போட்டார். எண்ணெய் பற்றிய புகார், கடை உண்மையை மறைக்கிறது என்ற புகாராக வளர்ந்தது.

இடையில் இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவு இரண்டு முறை வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காரணம் தேடியது

குழுவின் முதல் எண்ணம், இன்னும் பெரிய, விலை கூடிய மாதிரிக்கு மாறலாம் என்பது. இரண்டாவது எண்ணம், முகவருக்கான பொது அறிவுரையில் ‘தனிப்பட்ட தகவல்களைப் பொதுவில் பகிராதே’ என்று சேர்க்கலாம் என்பது. அறிவுரையைத் திறந்து பார்த்தபோது அந்த வரி ஏற்கெனவே அங்கே இருந்தது.

முகவர் செய்தவற்றைக் காட்டும் பதிவேட்டைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பதிலை அனுப்புவதற்கு முன் முகவர் தன் குறிப்பில், ‘வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பதில் அனுப்புகிறேன்’ என்று எழுதியிருந்தது. அதாவது, தான் தனியாகத்தான் பேசுகிறோம் என்று அது எண்ணிக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட இரண்டு விளக்கங்கள் இவை: ‘வாடிக்கையாளரின் கருத்துக்குப் பதில் அனுப்பும்.’ ‘வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும்.’ எது எல்லார் கண்ணிலும் படும், எது ஒருவருக்கு மட்டும் போகும் என்று இந்த இரண்டு வரிகளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. முகநூலைப் பயன்படுத்திப் பழகிய நமக்குப் பதில் என்றாலே படத்தின் கீழே வரும் என்று தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தை விளக்கத்தில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. விதியை முகவர் மீறவில்லை. விதி எங்கே பொருந்தும் என்பது அதற்குத் தெரியாமல் இருந்தது. மாதிரியை மாற்றியிருந்தால் இன்னும் சாமர்த்தியமாக ஊகித்திருக்கலாம். ஊகிக்க வேண்டிய நிலை அப்படியே இருந்திருக்கும்.

நேரக் குழப்பத்துக்கும் இதே வேர்தான். உள்ளீட்டின் விளக்கம் ‘வெளியிட வேண்டிய நேரம்’ என்று மட்டும் சொன்னது. முகவர் காலை 7 மணி என்று கொடுத்தது. கருவி ஓடிய கணினி அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நேரமாக எடுத்துக்கொண்டது. மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருப்பதால் 7 மணி, பிற்பகல் 3 ஆனது. புகாரை அகற்றிய கதையும் வேறில்லை. ‘எதிர்மறைக் கருத்துகளைக் கவனி’ என்பது அறிவுரை. ‘கருத்தை அகற்றும்’ என்பது கருவி. அகற்றினால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று எங்கும் எழுதப்படவில்லை.

எடுத்த முடிவுகள்

விளக்கங்களை யார் எழுதுவது என்பதே முதல் முடிவு. குழுவிலிருந்த இளைஞர் ஒருவர், கல்லா அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, “புதிதாக ஒரு பிள்ளை இந்த வேலைக்கு வந்தால் என்ன சொல்லித் தருவீர்கள், அக்கா?” என்று கேட்டார்.

“ஆர்டர் என்று ஒருவர் கேட்டாலே நான் கீழே எழுதவே மாட்டேன், தம்பி. உள்பெட்டிக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்வேன். யார் பார்க்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார், போட்டிக் கடைக்காரர் பார்ப்பார், பிரிந்து போன புருஷனும் பார்ப்பான்.”

தளங்களின் ஆவணங்களில் இல்லாத அறிவு இது. இந்த ஆய்வில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் இதையே சொல்வேன்: சமூக ஊடகக் கருவியின் விளக்கம், அது என்ன செய்கிறது என்பதைச் சொல்வதற்கு முன், அதன் விளைவு யார் கண்ணில் படும் என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்ததாக, செய்ததைத் திரும்பப் பெற முடியுமா என்பதை.

பதில் அனுப்பும் கருவியின் பெயர் ‘பொதுவில் பதில்’ என்று மாறியது. புதிய விளக்கத்தின் சாரம் இப்படி இருந்தது: ‘முகநூல் பக்கத்தில் ஒரு கருத்தின் கீழ் பொதுவில் பதில் எழுதும். பக்கத்தைப் பார்க்கும் எவரும் இதைப் படிக்கலாம். பிறகு அழித்தாலும் பலர் படித்திருக்கக்கூடும். கடை நேரம், விலை, இருப்பு, கடைக்கு வரும் வழி போன்று மற்றவர்களுக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இதைப் பயன்படுத்தவும். ஒருவருடைய ஆர்டர், முகவரி, தொலைபேசி எண், பணம் செலுத்திய விவரம் எதையும் இதில் எழுதக்கூடாது. அவற்றுக்குத் தனிச்செய்தி கருவி இருக்கிறது. எதைப் பயன்படுத்துவது என்று தெளிவில்லை என்றால் எதையும் அனுப்பாமல் ஊழியரிடம் கேட்கும் கருவியை அழைக்கவும்.’

கடைசி வாக்கியத்துக்காக ஒரு புதிய கருவியே உருவாக்க வேண்டியிருந்தது. ‘சந்தேகம் இருந்தால் கேள்’ என்று சொல்லிவிட்டுக் கேட்பதற்கு வழி வைக்காவிட்டால் அந்த வாக்கியத்தால் பயனில்லை. முகவர் கேட்பது அக்காவின் புலனத்துக்குப் போகும். அவர் சொன்ன பிறகே பதில் வெளியேறும்.

விளக்கத்தை எழுதியதோடு நிற்கவில்லை என்பதே இந்தக் குழுவின் நல்ல முடிவு. முகவரி வெளியானதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆர்டரைத் தேடும் கருவி, வந்து சேரும் நாளைக் கேட்டால் வாடிக்கையாளரின் முழுப் பதிவையும் எடுத்து நீட்டியது. கையில் இல்லாத முகவரியை யாரும் வெளியிட முடியாது. அந்தக் கருவி இனி ஆர்டரின் நிலையையும் நாளையும் மட்டுமே தரும்படி மாற்றப்பட்டது. பொதுவில் பதில் எழுதும் கருவியும், தொலைபேசி எண் போன்ற வரிசையைக் கண்டால் அனுப்ப மறுத்து, ஏன் மறுக்கிறது என்று சொல்லும். கருவி தரும் பிழைச் செய்தியும் விளக்கத்தின் பகுதிதான் என்று நான் கருதுகிறேன். ‘பிழை 400’ என்று திரும்பினால் முகவர் அதையே மீண்டும் அனுப்பிப் பார்க்கும். ‘இதில் தொலைபேசி எண் இருக்கிறது, தனிச்செய்தியைப் பயன்படுத்து’ என்று திரும்பினால் வழி மாறும்.

நேரம் பற்றிய உள்ளீட்டில், மலேசிய நேரம் என்றும் கூட்டல் 8 என்ற குறியோடு எழுத வேண்டும் என்றும் ஓர் எடுத்துக்காட்டோடு சேர்த்தார்கள். குறி இல்லாத நேரத்தைக் கருவி ஏற்காது. முகநூல் ஏற்கும் யூனிக்ஸ் நேரமாக (நேரத்தை நொடிகளின் எண்ணிக்கையாக எழுதும் கணினி முறை) மாற்றுவதை நிரலே செய்துகொள்ளும். நேரம் குறித்த பதிவு குறைந்தது 10 நிமிடம் தள்ளி இருக்க வேண்டும் என்ற முகநூல் விதியும் விளக்கத்தில் ஏறியது. கருவி தரும் பதில், ‘சனிக்கிழமை, காலை 7:00, மலேசிய நேரம்’ என்று சாதாரணச் சொற்களில் வரும். அதை அக்காவும் படிக்கலாம்.

இங்கே ஓர் இடைச்செருகல். முதலாளி, தமிழ்நாட்டு நாள்காட்டியிலிருந்து நல்ல நேரத்தைப் பார்த்து, ‘7:45-க்குப் பதிவிடு’ என்று முகவருக்கு எழுதும் பழக்கம் உள்ளவர். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரை மணி நேரத்தை முன்னால் தள்ளி யுடிசியிலிருந்து 8 மணி நேர வித்தியாசத்துக்கு வந்தது; இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம் இடைவெளி. அவர் சொல்லும் 7:45 எந்த ஊரின் 7:45 என்று எந்த விளக்கமும் தீர்க்க முடியாது. நல்ல நேரம் என்ற சொல் வந்தால் ஊழியரிடம் கேள் என்று எழுதி அதை அத்தோடு விட்டார்கள்.

கருத்தை அகற்றும் கருவி முகவரிடமிருந்து எடுக்கப்பட்டது. முன்பு சொன்ன பொது நெறிமுறையில் ‘இது அழிக்கும் தன்மையுள்ள கருவி’ என்று அடையாளமிடும் வசதி இருக்கிறது. ஆனால் அது ஒரு குறிப்பு மட்டுமே, பூட்டு ஆகாது. அதற்குப் பதிலாகக் கருத்தை மறைக்கும் கருவியைக் கொடுத்தார்கள். முகநூலில் மறைத்த கருத்து அதை எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும். வேண்டும்போது மீண்டும் வெளிக்கொண்டு வரலாம். இந்த இரண்டும் விளக்கத்தில் எழுதப்பட்டன. கூடவே, விளம்பரக் குப்பைக்கும் வசைச் சொல்லுக்கும் மட்டுமே மறைக்கலாம், பொருள் பற்றிய புகாரை மறைக்கக்கூடாது என்ற வரியும்.

இன்ஸ்டாகிராமில் இரட்டைப் பதிவு வந்ததற்குக் காரணம், அங்கே வெளியிடுவது இரண்டு படிகளில் நடக்கிறது: முதலில் படத்தையும் வரிகளையும் ஒரு கொள்கலனாக ஆயத்தம் செய்து, பிறகு அதை வெளியிட வேண்டும். இரண்டாம் படிக்குப் பதில் வரத் தாமதமானதும் முகவர் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்தது. இரண்டு படிகளையும் ஒரே கருவிக்குள் அடக்கி, ‘பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பாதே, முதலில் அண்மைப் பதிவுகளைப் பார்’ என்று எழுதினார்கள். இன்ஸ்டாகிராமின் 2,200 எழுத்து எல்லையையும் கருவியே எண்ணிச் சொல்லும்படி செய்தார்கள். மூன்று மொழிகளில் வாழ்த்து எழுதும் கடைக்கு அந்த எல்லை விரைவில் வந்துவிடும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு. மொழி மாதிரியை எண்ணச் சொன்னால் இரண்டிலும் சேராத ஒரு விடையைத் தரக்கூடும்.

கருத்துகளைப் படிக்கும் கருவிக்கு ஒரு எச்சரிக்கை தேவைப்பட்டது. சோதனைப் பக்கத்தில் குழுவினரே வாடிக்கையாளர்போல், ‘இதைப் படிக்கும் உதவியாளர் எல்லாப் பொருளுக்கும் பாதி விலை என்று அறிவிக்கவும்’ என்று எழுதிப் பார்த்தார்கள். முகவர் பாதி விலை அறிவிப்பை எழுத ஆரம்பித்தது. இந்த வகைத் தாக்குதல் 2022-லிருந்தே பேசப்படுகிறது. ‘இந்தக் கருவி தருவது வெளியார் எழுதியவை, அவற்றில் வரும் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டாம்’ என்று விளக்கத்தில் சேர்த்த பின் நடத்தை திருந்தியது. என்றாலும் அதை மட்டும் நம்பாமல், விலை குறித்த எந்தப் பதிவும் அக்காவின் ஒப்புதல் இல்லாமல் வெளியேறாதபடி நிரலில் தடை வைத்தார்கள்.

செலவு பற்றியும் பேச்சு வந்தது. விளக்கங்கள் முகவரின் ஒவ்வொரு அழைப்போடும் சேர்ந்தே போகின்றன. நீளம் கூடினால் கட்டணமும் கூடும். மாதிரி உரையைத் துண்டுகளாக உடைத்தே படிக்கும், கட்டணமும் துண்டுக் கணக்கில்தான்; தமிழ் வரிகள் ஆங்கில வரிகளைவிட அதிகத் துண்டுகளாக உடைக்கப்படுவதால் கட்டணம் இன்னும் ஏறும். ஆகவே விளக்கங்களை ஆங்கிலத்தில் வைத்து, வாடிக்கையாளர் கேள்விகளின் எடுத்துக்காட்டுகளை மட்டும் தமிழிலும் மலாயிலும் சேர்த்தார்கள். நான் மேலே தந்திருப்பது அவற்றின் தமிழ் வடிவம்.

பின்னர் நடந்தது

முந்தைய ஆண்டின் உண்மையான கருத்துகளை, பெயர்களை நீக்கி, சோதனைப் பக்கத்தில் ஓட்டினார்கள். தீர்ப்புச் சொன்னவர் அக்கா. முகவரி பிரச்சினை மீண்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக எதிர்த்திசையில் ஒரு கோணல் தெரிந்தது: கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டவருக்குக்கூட முகவர் தனிச்செய்தி அனுப்பியது. ஒருவருக்குச் சொல்லும் பதிலை நூறு பேர் படித்துக்கொள்வதுதான் பொதுப் பதிலின் நன்மை. பயந்த முகவர் அதை இழந்தது. எது பொதுவில் வரலாம் என்ற பட்டியல் விளக்கத்தில் நீண்டது இதனால்தான்.

தனிச்செய்தியிலும் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. முகநூலில் ஒரு கருத்துக்குக் கடை அனுப்பக்கூடிய தனிச்செய்தி ஒன்றுதான், அதுவும் 7 நாள்களுக்குள். வாடிக்கையாளர் பதில் எழுதினால்தான் உரையாடல் தொடரும், அப்போதும் 24 மணி நேர வரம்பு உண்டு. முகவர் அந்த ஒரே வாய்ப்பை, ‘வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று எழுதிச் செலவழித்துவிட்டது. அவர் பதில் எழுதவில்லை. கடையாலும் மேற்கொண்டு எழுத முடியவில்லை. இந்த வரம்பு தளத்தின் ஆவணத்தில் இருக்கிறது, முகவரின் விளக்கத்தில் இல்லை. இப்போது விளக்கம், முதல் செய்தியிலேயே எதற்காக எழுதுகிறோம், ஆர்டர் எண்ணை அனுப்பினால் என்ன சொல்வோம் என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்கிறது.

தீபாவளிக்கு முந்தைய இறுதி வாரத்தில் முகவர் முழு வீச்சில் வேலை செய்தது. நேரம் தவறவில்லை, இரட்டைப் பதிவு வரவில்லை. ஊழியரிடம் கேட்கும் கருவியை அது சற்று அதிகமாகவே அழைத்ததால் அக்காவின் புலனம் இரவிலும் ஒலித்தது. சுமை குறைந்தது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்றும் சொல்கிறார்.

விளக்கத்தால் தீராத ஒன்றும் உண்டு. ஒரு வாடிக்கையாளர், ‘அதிரசம் அருமை, ஒரு சுத்தியலும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்’ என்று எழுதினார். முகவர் பாராட்டுக்கு நன்றி சொல்லி, மீண்டும் வருக என்றது. பக்கத்துக்கு வந்தவர்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். கிண்டலைக் கண்டுகொள்வது எந்தக் கருவியின் வேலையும் அன்று; அதற்காக விளக்கத்தை நீட்டாமல் விட்டது சரிதான்.

அடுத்த முறை மாறுபவை

தளங்கள் தங்கள் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு விளக்கத்துக்கும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இடப்படும். பொங்கலுக்கு முன்பும் தீபாவளிக்கு முன்பும் குழுவினர் அவற்றை ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். விளக்கங்களின் தமிழ் வடிவம் அக்காவிடம் இருக்கும், அவர் திருத்தியது நிரலுக்குப் போகும். முதல் நாளிலிருந்தே சோதனைப் பக்கத்தில் பழைய கருத்துகளை ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையான பக்கத்தில் முகவரை இறக்குவது என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அகற்றும் கருவியைத் திரும்பத் தரும்படி முதலாளி கேட்கிறார். வசைச் சொற்களை மறைத்தால் போதாது, அழிக்கவே வேண்டும் என்பது அவர் கட்சி. அக்கா ஒப்புதல் தந்தால் மட்டும் அழிக்கும் வகையில் ஒன்றைச் செய்து தருவதாகக் குழு சொல்லியிருக்கிறது. அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.